அஃபோர்டன்ஸ் சேர்த்தாயா?

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய செயலியின் திரைகளைப் பார்த்தேன். எழுத்தளவும் இடைவெளியும் கச்சிதம். என்னை இழுத்துப் பிடித்தவை ஓரக் குறிப்புகள்தான். 'இங்கே அஃபோர்டன்ஸ் சேர்த்திருக்கிறேன்' என்று பல இடங்களில் எழுதியிருக்கிறாய். அந்தச் சொல் வந்த வழி தெரிந்தால் அந்தக் குறிப்புகளை நீயே மாற்றிவிடுவாய்.

அதை உண்டாக்கியவர் ஜேம்ஸ் கிப்சன் என்ற அமெரிக்க உளவியலாளர். கண் உலகத்தை எப்படி அறிகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. பொத்தான்களைப் பற்றி அவர் யோசித்ததில்லை. 1979இல் வந்த அவருடைய நூலில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. முழங்கால் உயரத்தில் தட்டையாக, உறுதியாக ஒரு பரப்பு இருந்தால் அதில் உட்காரலாம். யாருடைய முழங்கால் என்பதுதான் கேள்வி. அப்பா உட்காரும் திண்ணை, தவழும் குழந்தைக்குச் சுவர். பொருளில் மட்டும் இல்லை, ஆளிடம் மட்டும் இல்லை, இரண்டுக்கும் நடுவே இருக்கிற சாத்தியம்தான் அஃபோர்டன்ஸ்.

அவருக்கு முன்பே ஜெர்மானிய உளவியலாளர்கள் லெவினும் கோஃப்காவும் பொருள்கள் நம்மை 'அழைக்கின்றன' என்று சொல்லியிருந்தார்கள். தபால் பெட்டி, கடிதம் போட வேண்டியவனைத்தான் அழைக்கும் என்பது கோஃப்காவின் கட்சி. கிப்சன் ஒப்பவில்லை. உனக்குத் தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும், நீ கவனித்தாலும் கவனிக்காவிட்டாலும் அந்தச் சாத்தியம் அங்கேயே இருக்கும் என்றார்.

1988இல் அறிதல் அறிவியலாளர் டொனால்ட் நார்மன் தன் நூலில் கதவுகளையும் குழாய்களையும் பற்றிப் பேசும்போது இந்தச் சொல்லை வடிவமைப்பாளர்களிடம் கொண்டுவந்தார். அவருக்கு வேண்டியிருந்தது, பயன்படுத்துகிறவர் கண்ணுக்குப் படுகிற சாத்தியம். படித்தவர்கள் 'கண்ணுக்குப் படுகிற' என்பதை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1999இல் அவரே இதை எதிர்த்துக் கட்டுரை எழுதினார். அந்த நூலின் 2013 பதிப்பில் 'சிக்னிஃபையர்' என்ற இன்னொரு சொல்லுக்கு முக்கிய இடம் கொடுத்தார். செயலுக்கான அடையாளம் அது.

இப்போது உன் மூன்றாவது திரைக்கு வா. வரியை இடப்பக்கம் தள்ளினால் அழிகிறது. தள்ளலாம் என்பதற்கு ஒரு கோடுகூட இல்லை. கிப்சன் கணக்கில் அஃபோர்டன்ஸ் முழுசாக இருக்கிறது, அடையாளம்தான் இல்லை. ஐந்தாவது திரையில் நேர்மாறு: தலைப்புக்கு அடிக்கோடு போட்டிருக்கிறாய், தொட்டால் ஒன்றும் நடக்கவில்லை. 1991இல் ஆய்வாளர் வில்லியம் கேவர் முதல் வகையை மறைந்தது என்றும் இரண்டாவதைப் பொய்யானது என்றும் பிரித்தார். நீ இரண்டுக்கும் ஒரே குறிப்பு எழுதியிருக்கிறாய். முதலாவது உன் மேசையிலேயே தீர்கிற வேலை. இரண்டாவதில் அடிக்கோட்டை எடு, அல்லது இணைப்பு கொடுக்கச் சொல்லி நிரல் எழுதுகிறவரிடம் போ.

இதைக் கற்றுக்கொண்டு கூட்டத்தில் யாரையும் திருத்தக் கிளம்பாதே. சொல்லின் பிறப்பைக் காட்டிப் பிறரை மடக்குகிற ஆட்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. பொருள் மாறாத சொல் எந்தத் தொழிலில் இருக்கிறது? 'செய்ய முடியவில்லையா, முடியும் என்பது தெரியவில்லையா?' என்று மட்டும் கேள். பாதி வாக்குவாதம் அங்கேயே அடங்கிவிடும்.

அடையாளத்தையே பேசிப் பேசி கிப்சனின் முழங்காலை நம் ஆட்கள் மறந்துவிட்டார்கள். உன் 'ரத்து' பொத்தான் பளிச்சென்று தெரிகிறது, ஆனால் விரல் நடுங்கும் ஒருவர் அதைத் தொடப்போனால் பக்கத்தில் இருக்கிற 'பணம் அனுப்பு' மேல் விரல் படும். அவருக்கு அது பொத்தானே இல்லை. முதலில் அந்த இரண்டையும் தள்ளி வைத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்