அட்டையில் இல்லாத கட்டம்

காட்பாடி,
ஞாயிறு மாலை

அன்புள்ள கயலுக்கு,

அத்தை எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை ராத்திரி பதினொன்றரைக்குப் போன் பண்ணி, "ஒண்ணுமில்ல அத்தை, சும்மாதான்" என்று சொல்லி வைத்துவிட்டாய். ஏழு மாசக்காரி அந்த நேரத்தில் சும்மா போன் பண்ணமாட்டாள். மறுநாள் நான் துருவிக் கேட்ட பிறகுதான் வாய் திறந்தாய். வளைகாப்பு வளையல் குலுங்கினாலே எரிச்சல் வருகிறது, குழந்தை உதைத்தால் சந்தோஷம் வரவில்லை, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமே இல்லை, மூன்று வாரமாக இப்படி. "வெளியே சொன்னா கொழுப்புன்னு சொல்வாங்க அத்தை" என்றாய். அந்தச் சொல்தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. போனில் பேசினால் நானும் சேர்ந்து அழுதுவிடுவேன்.

31 வருஷம் கிராமச் சுகாதாரச் செவிலியராக இருந்தேன். கர்ப்பிணி அட்டையில் எடைக்கு ஒரு கட்டம், ரத்த அழுத்தத்துக்கு ஒரு கட்டம், ஹீமோகுளோபினுக்கு ஒன்று, தடுப்பூசிக்கு ஒன்று. நான் எழுதிய அட்டைகளில் மனசுக்குக் கட்டம் இருந்ததில்லை. கட்டம் இல்லாததால் நான் கேட்டதும் இல்லை.

1996இல் என் எல்லையில் ஒரு பெண்ணுக்குத் தலைப்பிரசவம். சுகப்பிரசவம்தான். ஆறாம் நாள் போனபோது அவள் இரண்டு ராத்திரியாகக் கண் மூடவில்லை என்றார்கள். ஓயாமல் பேசினாள். தொட்டிலில் கிடப்பது தன் பிள்ளையே இல்லை, மாற்றிவிட்டார்கள் என்றாள். வீட்டில், "ஜன்னி கண்டுடுச்சு, காத்து பட்டுடுச்சு" என்று முடிவு கட்டிவிட்டார்கள். நான் தெர்மாமீட்டர் வைத்தேன். காய்ச்சல் இல்லை. நோட்டில் 'காய்ச்சல் இல்லை' என்று எழுதிவிட்டு வந்துவிட்டேன். அவளை எங்கேயோ கொண்டுபோய்க் கட்டிவைத்தார்கள். அவள் தெளிந்து வீடு திரும்ப ஒன்றரை வருஷம் ஆனது. அதற்குள் பிள்ளை பாட்டியை அம்மா என்று கூப்பிடப் பழகியிருந்தது. "வேலூருக்குக் கூட்டிப்போய் மனநல டாக்டரிடம் காட்டுங்கள்" என்ற ஒரு வாக்கியம் என் வாயில் இருந்தது. மாமியார் முறைத்ததில் அதை விழுங்கிவிட்டேன்.

இதைப் படித்துப் பயந்துகொள்ளாதே. உனக்கு இருப்பது அதுவல்ல. அப்படி வருவது ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். வந்தால் உதிரப்போக்குக்கு ஓடுவதுபோல அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், சரியான மருந்துக்கு நன்றாகக் கேட்கும். மாப்பிள்ளைக்கும் உன் அம்மாவுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால்தான் எழுதினேன். பெற்ற மூன்றாம் நாள் நான்காம் நாள் காரணமில்லாமல் அழுகை வருவது வேறு. அது பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு வரும், பத்துப் பதினைந்து நாளில் தானே போய்விடும். இரண்டு வாரம் தாண்டியும் நின்றால், பிடிப்பும் தூக்கமும் பசியும் போனால், அதன் பெயர் மனச்சோர்வு. பிரசவத்துக்குப் பிறகுதான் வரும் என்றில்லை, வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே தொடங்கும். நீ சொன்னதைக் கேட்டால் எனக்கு அப்படித்தான் படுகிறது. ஆனால் நான் டாக்டர் இல்லை.

கொழுப்பு என்கிறாயே, நம் வேலூர்ப் பக்கம் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2002இல் வெளிவந்தது. பிரசவத்துக்குப் பிறகு நூற்றுக்குப் பதினோரு பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. காரணங்களைப் படித்தபோது என் துணை சுகாதார நிலையத்துத் தெருவைப் படிப்பதுபோல இருந்தது: பணமுட்டு, பையனை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, கைவேலைக்கு ஆள் இல்லாதது, மாமியாரோடு உரசல், பெற்றவர்களோடும் உரசல். கடைசியைக் கவனி. அம்மா வீட்டுக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்துவிடாதே. என் அண்ணி நல்லவள்தான், ஆனால் அவள் வாய் உனக்குத் தெரியாததா.

இன்னொரு விஷயம், இது உண்மையில் என்னவென்று உன் அப்பாவுக்குக்கூடத் தெரியாது. உன் சித்தப்பா பிறந்தபோது எனக்கு ஒன்பது வயது. அம்மா, உன் பாட்டி, நான்கு மாசம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிள்ளையைப் பாலுக்குக் கொண்டுபோய்க் கிடத்தியது நான். 'பச்சை உடம்பு, அசதி' என்று சொல்லி எல்லாரும் மறைத்தார்கள். டாக்டர், "குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா" என்று கேட்பார். இல்லை என்று சொல்லிவிடாதே. இருந்தது என்று சொல்.

யாரிடம் போவது என்று கேட்டாய். புது ஆளைத் தேட வேண்டாம், அடுத்த செக்கப்பில் உன் பிரசவ டாக்டரிடமே தொடங்கு. அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "எல்லாம் நல்லா இருக்கு" என்று அடுத்த டோக்கனைக் கூப்பிடுவார். எழுந்துவிடாதே. "மூணு வாரமா மனசு சரியில்ல டாக்டர், தூக்கமில்ல, எதுலயும் பிடிப்பில்ல, இதுக்கு யாரைப் பாக்கணும்?" என்று கேள். தாளில் எழுதிக்கொண்டு போ, அங்கே போனதும் மறந்துவிடும். பத்துக் கேள்வி கொண்ட ஒரு தாள் இருக்கிறது. 1987இல் எடின்பரோ பக்கம் உருவானது, கடந்த ஏழு நாளில் எப்படி இருந்தாய் என்று கேட்கும், தமிழிலும் உண்டு. கொடுத்தால் மழுப்பாமல் நிரப்பு. கடைசிக் கேள்வி, தன்னைத்தானே ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதில்தான் நம் பெண்கள் பொய் எழுதுவார்கள். தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லிக் கேட்டு வாங்கு. அவை சரியில்லை என்றாலும் மனசு இப்படித்தான் கிடக்கும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, மாவட்ட மனநலத் திட்டத்திலும் டாக்டர் இருக்கிறார், காசு வேண்டாம். நீ இருக்கும் ஓசூருக்குப் பெங்களூரு கிட்டே. அங்கே நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2009 முதல் தாயும் கைக்குழந்தையும் சேர்ந்தே தங்கும் தனிப் பிரிவு இருக்கிறது. அது கடுமையாக இருப்பவர்களுக்கு, உனக்கு அவ்வளவு தூரம் தேவைப்படாது. ஆனால் அது இருக்கிறது என்பதே எனக்கு அந்த 1996க்குப் பிறகு பெரிய ஆறுதல். 2017 மனநலச் சட்டமும், சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று சொல்கிறது. ராத்திரி மூன்று மணிக்கு விழித்துக்கொண்டால் 14416க்கு அடி. டெலி மானஸ், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. எனக்கும் அடிக்கலாம், நானும் அந்த நேரத்தில் விழித்துத்தான் கிடக்கிறேன்.

மாத்திரை எழுதினால் கூகிளில் தேடிப் பயந்து குப்பையில் போடாதே. கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் தரக்கூடியவை உண்டு. செர்ட்ரலின் பாலில் மிகக் கொஞ்சமே கலக்கும். வேண்டவே வேண்டாத மருந்துகளும் உண்டு. எது உனக்கு என்பதை டாக்டர் சொல்லட்டும், நிறுத்துவதையும் அவர்தான் சொல்ல வேண்டும். லேசாக இருந்தால் பேச்சு சிகிச்சையே போதும். பாகிஸ்தானில் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில், எங்களைப் போன்ற சுகாதாரப் பணியாளர்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாகப் போய்ப் பேச வைத்தார்கள். 2008இல் முடிவு வந்தது. பிள்ளைக்கு ஆறு மாசம் ஆனபோது, அந்தப் பேச்சு கிடைத்தவர்களில் 23 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு மிச்சமிருந்தது, மற்றவர்களில் 53 சதவீதம். படித்துவிட்டு எனக்கு வயிறு எரிந்தது. 31 வருஷம் அதே மாதிரி வீடு வீடாக நானும்தானே போனேன்.

குழந்தை பிறந்த பிறகு, கிணற்றடியில் நிற்கும்போது பிள்ளை கைநழுவி விழுவதுபோல மனசில் படம் ஓடலாம். நிறையத் தாய்மாருக்கு ஓடும், அதைப் பார்த்துத் தாங்களே நடுங்குவார்கள். அந்த நடுக்கமே நீ அப்படிச் செய்யமாட்டாய் என்று காட்டுகிறது. ஓயாமல் வந்து தொந்தரவு செய்தால் டாக்டரிடம் சொல். ஆனால் யாரோ காதில் கட்டளையிடுவதுபோலக் கேட்டால், செத்துவிடலாம் என்று தோன்றினால், தனியாக இருக்காதே, பக்கத்தில் இருப்பவரை அந்த நிமிஷமே எழுப்பு.

பூண்டுக் குழம்பு, லேகியம், பத்தியச் சோறு எல்லாம் சாப்பிடு, நான் ஒன்றும் எதிரியல்ல. அதைவிட முக்கியம் ராத்திரித் தூக்கம். தொடர்ந்து ஐந்து மணி நேரமாவது நீ தூங்க வேண்டும். பீய்ச்சிவைத்த பாலை மாப்பிள்ளை கொடுக்கலாம், அவர் கைக்கு ஒன்றும் ஆகிவிடாது. இதை வெட்கப்பட்டுக்கொண்டு நீ சொல்லமாட்டாய் என்பதால், நானே தனியாக அவரிடம் பேசுகிறேன்.

பிரசவத்துக்கு ஓசூரிலிருந்து குடியாத்தத்துக்கு அம்மா வீட்டுக்கு வரும்போது டாக்டர் எழுதிய சீட்டை எல்லாம் கையோடு கொண்டுவா. அங்கே பிரசவம் பார்க்கும் டாக்டருக்கு அதைக் காட்டாவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டிவரும், உனக்கு அலுத்துப்போய், "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிடுவாய்.

புதன்கிழமை உனக்கு செக்கப் என்றாய். செவ்வாய் ராத்திரியே வந்து சேர்கிறேன். உன் மாமியார் என்ன திடீரென்று என்று கேட்டால், கொடுக்காப்புளி கொண்டுவந்தேன் என்று சொல்லிக்கொள்வோம். டாக்டர் அறைக்குள் நானும் வருகிறேன். நீ பேசு, உனக்கு வரவில்லை என்றால் நான் பேசுகிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தை