ஆயாவின் நடையும் கட்டுப்பாட்டுக் குழுவும்

பத்தாம் வகுப்பில் நரம்பு மண்டலம் நடத்தும்போது ஓர் ஆய்வையும் சேர்த்துச் சொல்வது என் வழக்கம். மூளையின் இரு பக்கமும் உட்புறமாக, கடல்குதிரை போல வளைந்த ஒரு சிறு பகுதி இருக்கிறது. அதன் பெயர் ஹிப்போகேம்பஸ். புதிய நினைவுகள் பதிய அது தேவை. முதுமையில் அது ஆண்டுக்கு 1 முதல் 2 சதவீதம் வரை சுருங்குகிறது.

அமெரிக்காவில் 55 முதல் 80 வயது வரையுள்ள 120 பேரை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு வாரம் மூன்று நாள் நடந்தது. 10 நிமிடத்தில் தொடங்கி, வாரந்தோறும் 5 நிமிடம் கூட்டி, ஏழாவது வாரத்தில் 40 நிமிடத்தை எட்டினார்கள். இன்னொரு குழு கைகால்களை நீட்டி மடக்கும் பயிற்சி செய்தது. ஓர் ஆண்டுக்குப் பிறகு, நடந்தவர்களின் ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் பெரிதாகியிருந்தது. மற்றவர்களுக்குச் சுமார் 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. 2011இல் முடிவுகள் வெளியாயின.

"வீட்டில் தாத்தா, ஆயாவை நடக்கச் சொல்லுங்கள். ஞாபகசக்தி கூடும்" என்று பாடத்தை முடிப்பேன்.

சென்ற ஆண்டு, பாடம் முடிந்து இரண்டு மாதம் கழித்து ஒரு மாணவி மதிய இடைவேளையில் வந்து நின்றாள். "டீச்சர், ஆயாவத் தெனம் சாயந்திரம் பிள்ளையார் கோயில் வரைக்கும் கூட்டிட்டுப் போறேன். இன்னும் என் பேரு தெரியல. எத்தன மாசம் ஆகும்?"

ஆயாவுக்கு மறதி நோய் என்று மருத்துவர் சொல்லி மூன்று ஆண்டுகள் ஆகின்றன என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பதில் சொல்லாமல் அனுப்பிவிட்டேன்.

அன்றிரவு அந்த ஆய்வுக் கட்டுரையை முதன்முறையாக முழுதும் படித்தேன். அதுவரை படித்ததெல்லாம் அதைப் பற்றிய செய்திகளைத்தான். ஆய்வில் பங்கேற்றவர்கள் யாருக்கும் மறதி நோய் இல்லை. அதைவிட என்னை உறுத்தியது இன்னொன்று: நினைவாற்றல் சோதனையில் இரு குழுக்களுமே முன்னேறியிருந்தன. நடந்த குழுவில் ஹிப்போகேம்பஸ் அதிகம் வளர்ந்தவர்கள் நினைவிலும் அதிகம் முன்னேறினார்கள் என்பது உண்மை. ஆனால் நடந்ததால்தான் ஞாபகசக்தி கூடியது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஒரே மாதிரித் தேர்வை இரண்டாம் முறை எழுதினால் மதிப்பெண் கூடுவதை நாம் பார்க்காததா?

மறதி நோய் உள்ளவர்களிடம் நடந்த ஆய்வையும் தேடினேன். இங்கிலாந்தில் 494 பேரிடம் நடத்தி, 2018இல் வெளியிட்டிருக்கிறார்கள். உடற்பயிற்சி செய்தவர்களின் உடல்திறன் கூடியது. மறதியின் வேகம் குறையவில்லை.

மறுநாள் அவளிடம் நான் சொன்னது தவறு என்றேன். ஆயாவுக்குப் பெயர் திரும்ப நினைவுக்கு வரும் என்று நடையை நம்பி எதிர்பார்க்க வேண்டாம் என்றும் சொன்னேன். சொல்லக் கடினமாகத்தான் இருந்தது. "அப்ப நிறுத்திடவா டீச்சர்?" என்றாள். வேண்டாம், கால்கள் வலுவாக இருக்கும், உடம்பு நன்றாக இருக்கும், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள் என்றேன். 65 வயதைக் கடந்தவர்கள் வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பும், மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கீழே விழாமல் காப்பதும் அதன் நோக்கம். நடப்பதால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுப்படும். அவை இரண்டுமே நடுவயதிலிருந்து மூளையைப் பாதிப்பவை. ஆகவே மாணவர்களின் ஆயாவைவிட அம்மாவுக்கும் நமக்கும்தான் அந்தப் பாடம் அதிகம் பொருந்தும்.

இந்த ஆண்டு பாடத்தை வேறு விதமாக நடத்தினேன். நடந்த குழுவின் விவரத்தை மட்டும் கரும்பலகையில் எழுதினேன்: ஹிப்போகேம்பஸ் பெரிதானது, நினைவாற்றல் கூடியது. எல்லோரும் "நடந்ததால்" என்றார்கள். பிறகு மற்ற குழுவின் விவரத்தைப் பக்கத்தில் எழுதினேன். வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது. முதல் முடிவு நின்றது, இரண்டாவது ஆட்டம் கண்டது. கட்டுப்பாட்டுக் குழு எதற்கு என்று அதன்பின் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த மாணவி இப்போது பதினொன்றாம் வகுப்பு. மாலையில் இருவரையும் கோயில் பக்கம் பார்க்கிறேன். ஆயா அவளை அவள் அம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அவளும் திருத்துவதில்லை.