ஆண்டு விழாப் பாட்டுக்கு வக்கீல் நோட்டீஸ்

கேள்வி: கடலூர் மாவட்டத்தில் மெட்ரிகுலேஷன் பள்ளி ஒன்றின் தாளாளர் நான். சென்ற முறை ஆண்டு விழாவுக்குப் பள்ளியில் இடம் போதவில்லை. ஊர்க் கல்யாண மண்டபத்தில் நடத்தினோம். மாணவர்கள் ஓர் இசை நாடகம் போட்டார்கள். சினிமாப் பாடல்கள் சிலவற்றைக் குழந்தைகளே பாடினார்கள். சிலவற்றுக்கு ரெக்கார்டு போட்டு ஆடினார்கள். கீபோர்டுக்கு வெளியாள் வந்தார். ஒரு பாட்டின் மெட்டுக்குப் பள்ளியைப் பற்றி எங்கள் தமிழாசிரியர் புது வரிகள் எழுதினார். கழிப்பறைக் கட்டட நிதிக்காக 200 ரூபாய் நன்கொடை பாஸ் அச்சடித்து ஊராருக்கும் கொடுத்தோம். விழா முழுவதையும் யூடியூபில் ஏற்றினோம். சில வாரங்களில் மும்பைக் கம்பெனி ஒன்று, உரிமம் இல்லாமல் பாட்டுப் போட்டதற்காகப் பதினைந்து நாளில் பணம் கட்டச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. பள்ளிக்கூடங்களுக்கு விலக்கு இருக்கிறது என்று ஆடிட்டர் சொன்னதால் பதில் போடவில்லை. ஐந்து மாதம் ஆகிவிட்டது. இப்போது போனில் போலீஸ் புகார் என்கிறார்கள். விலக்கு உண்டா, இல்லையா?

— பெயர் வெளியிட விரும்பாத தாளாளர்

பதில்: உங்கள் கடிதத்தில் பள்ளியின் தேர்ச்சி விகிதம், விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினரின் பேச்சு எல்லாம் இருந்தன. நோட்டீஸின் நகல் மட்டும் இல்லை. எந்தக் கம்பெனி, எந்தப் பாடல்கள், எந்த உரிமையின் கீழ்க் கேட்கிறார்கள் என்று ஒரு வரியும் இல்லை. ஆகவே பொதுவாகத்தான் பதில் சொல்ல முடியும். இதை உங்கள் வழக்குக்கான சட்டக் கருத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விலக்கு உண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52(1)(ஜே) பிரிவு. கல்வி நிறுவனத்தின் நடவடிக்கைகளின் ஒரு பகுதியாக, அதன் ஆசிரியர்களும் பணியாளர்களும் மாணவர்களும் இலக்கிய, நாடக, இசைப் படைப்பை நிகழ்த்துவது பதிப்புரிமை மீறல் ஆகாது. திரைப்படமோ ஒலிப்பதிவோ போட்டுக் காட்டினாலும் ஆகாது. ஆனால் பார்வையாளர்கள் அந்த நிறுவனத்தின் பணியாளர்கள், மாணவர்கள், அவர்களுடைய பெற்றோர், பாதுகாவலர், நிறுவனத்தின் செயல்பாடுகளோடு தொடர்புடையவர்கள் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டும்.

உங்கள் ஆடிட்டர் இந்தப் பிரிவின் முதல் பாதியைச் சொல்லியிருக்கிறார். வழக்கைத் தீர்மானிப்பது இரண்டாம் பாதி. மண்டபத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? பெற்றோரும் ஆசிரியர்களும் மட்டும் என்றால் மண்டப நிகழ்ச்சியைப் பற்றிக் கேள்வியே எழுந்திருக்காது. நீங்கள் ஊராருக்குப் பாஸ் கொடுத்தீர்கள். பணம் வாங்கியதைக்கூட விட்டுவிடுவோம்; இந்தப் பிரிவில் கட்டணம் பற்றிப் பேச்சே இல்லை. பெற்றோரிடம் உணவுச் செலவுக்குப் பணம் வாங்குவதாலேயே விலக்கு போய்விடும் என்று நான் சொல்லமாட்டேன். பள்ளியோடு ஒட்டும் உறவும் இல்லாத ஒருவர் 200 ரூபாய் கொடுத்து உள்ளே வந்து உட்கார்ந்ததுதான் சிக்கல். அந்த நிமிடமே ரெக்கார்டு போட்டு ஆடிய நடனங்களுக்கு விலக்கு போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் தங்கள் வாயால் பாடிய பாட்டுகள் வேறு கணக்கு. பிரிவின் வாசக அமைப்பைப் பார்த்தால், பார்வையாளர் பற்றிய கட்டுப்பாடு ஒலிப்பதிவுக்கும் திரைப்படத்துக்கும் மட்டும்தான், மாணவர்கள் நேரடியாக நிகழ்த்துவதற்கு அது பொருந்தாது என்று வாதிட இடமிருக்கிறது. வலுவான வாதம் என்பதே என் எண்ணம். ஆனால் அதை நம்பி ஒரு பள்ளி விழா நடத்தக்கூடாது. வழக்கு வந்த பிறகு கையில் எடுக்க வேண்டிய வாதம் அது. அதிலும் நீங்களே ஓட்டை போட்டு வைத்திருக்கிறீர்கள். கீபோர்டுக்காரர் உங்கள் பணியாளர் இல்லை, மாணவரும் இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கைவைக்கும் இடம் அதுதான்.

கல்யாண மண்டபத்தில்தான் நடந்தது, கல்யாண வீட்டுப் பாட்டுக்கு ராயல்டி கேட்கக்கூடாது என்று அரசே அறிவித்திருக்கிறதே என்றும் எழுதியிருக்கிறீர்கள். 2023 ஜூலையில் மத்திய அரசு அப்படி ஒரு பொது அறிவிப்பு கொடுத்தது உண்மை. அது மதச் சடங்குகள், அரசு விழாக்கள், திருமணமும் அதையொட்டிய கொண்டாட்டங்களும் பற்றிய 52(1)(இசட்ஏ) பிரிவுக்கான விளக்கம். விலக்கு திருமணத்துக்கு, மண்டபத்துக்கு இல்லை. கட்டணம் வாங்காத பார்வையாளர் முன் அமெச்சூர் குழுக்கள் நடத்தும் நிகழ்ச்சிக்கு இன்னொரு விலக்கு உண்டு. பாஸ் அடித்ததால் அதுவும் உங்களுக்கு உதவாது.

இனி யூடியூப். மேலே சொன்ன எந்த விலக்கும் இணையத்துக்குப் போகாது. 52(1)(ஜே) மண்டபத்துக்குள் இருக்கும் குறிப்பிட்ட கூட்டத்தைப் பற்றியது. யூடியூபில் ஏற்றினால் உலகமே பார்வையாளர். பாட்டைப் பதிவு செய்தது ஒரு செயல், பொதுமக்களுக்குக் கொண்டுசென்றது இன்னொரு செயல். பெற்றோர் மட்டும் வந்திருந்த விழாவாக இருந்தாலும் இந்தச் சிக்கல் வந்திருக்கும். சில பள்ளிகள், வீடியோவுக்கு யூடியூபிலிருந்து உரிமைகோரல் வந்து விளம்பர வருமானம் பாட்டுக் கம்பெனிக்குப் போனதும் விவகாரம் தீர்ந்துவிட்டதாக நினைக்கின்றன. அது அந்தத் தளத்துக்கும் கம்பெனிக்கும் இடையிலான ஏற்பாடு. உங்கள் மண்டப நிகழ்ச்சிக்கு அது உரிமம் ஆகாது.

இங்கேதான் உங்கள்மேல் எனக்குக் கோபம். நோட்டீஸ் வந்து ஐந்து மாதம். பதினைந்து நாள் கெடு போட்ட கடிதத்தை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு ஆடிட்டரிடம் கேட்டிருக்கிறீர்கள். வருமான வரிக்கு அவரிடம் கேளுங்கள்; வக்கீல் நோட்டீஸுக்கு வக்கீலிடம் அல்லவா போக வேண்டும்? அதைவிட மோசம், நீங்கள் எழுதியபடி வீடியோ இன்றைக்கும் பொதுவில் இருக்கிறது. 63ஆவது பிரிவின் கீழ்க் குற்றம் ஆவதற்கு, ஒருவர் தெரிந்தே மீறியிருக்க வேண்டும். விழா நடந்த இரவில் உங்களுக்குத் தெரியாது என்று சொன்னால் நீதிமன்றம் நம்பலாம். நோட்டீஸ் கையெழுத்துப் போட்டு வாங்கிய பிறகும் ஐந்து மாதம் வீடியோவை ஓடவிட்டவர் தெரியாது என்று எப்படிச் சொல்வார்? உங்கள் அறியாமைக்கு இருந்த மதிப்பை நீங்களே கெடுத்துக்கொண்டீர்கள்.

63ஆவது பிரிவுக்குத் தண்டனை ஆறு மாதத்திலிருந்து மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை அபராதம். வியாபார ஆதாயத்துக்காகச் செய்யவில்லை என்றால், காரணங்களைப் பதிவு செய்து நீதிமன்றம் இதைக் குறைக்கலாம். கழிப்பறைக் கட்டட நிதி என்பது அங்கே உதவும், கணக்கு காட்ட முடிந்தால். இந்தக் குற்றத்தில் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்திருக்கிறது. போன் மிரட்டலை வெறும் மிரட்டல் என்று ஒதுக்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். பள்ளித் தாளாளரை உடனே பிடித்து உள்ளே வைப்பார்கள் என்று பொருள் இல்லை. இந்த மாதிரி விவகாரங்களில் உண்மையான பயம் சிவில் வழக்கு: தடையுத்தரவு, இழப்பீடு. அதற்கு மூன்று ஆண்டு அவகாசம் அவர்களுக்கு இருக்கிறது. தங்கள் ஊர் நீதிமன்றத்திலேயே வழக்குப் போடவும் 62ஆவது பிரிவு வழி வைத்திருக்கிறது. மும்பைக்கும் கடலூருக்கும் வாய்தாவுக்கு வாய்தா அலைவதை யோசித்துப் பாருங்கள்.

அதற்காகக் கேட்டவருக்கெல்லாம் கேட்ட தொகையைக் கட்டவும் கூடாது. ஒரு சினிமாப் பாட்டில் மூன்று சொத்துகள் இருக்கின்றன: வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு. மூன்றும் ஒரே கையில் இருக்கும் என்பதில்லை. இந்தப் பாடல்களின் வரிக்கும் மெட்டுக்கும் உரிமம் வழங்குவதைத் தொழிலாக நடத்த, சட்டத்தின் 33ஆவது பிரிவில் பதிவு பெற்ற பதிப்புரிமைச் சங்கமாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட சங்கமான ஐ.பி.ஆர்.எஸ். 1969இல் தொடங்கியது, திருத்தப்பட்ட சட்டத்தின் கீழ் 2017இல் மறுபடி பதிவு பெற்றது. ஒலிப்பதிவுகளுக்கான சங்கமான ஆர்.எம்.பி.எல். 2021இல் பதிவு பெற்றது. பதிவு பெறாத கம்பெனிகள், உரிமையை எழுதி வாங்கியிருக்கிறோம், உரிமையாளர் என்ற முறையில் நாங்களே உரிமம் தருவோம் என்கின்றன. அது செல்லாது என்று 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. வேறு உயர் நீதிமன்றங்களில் வேறு மாதிரியும் தீர்ப்புகள் உண்டு. 2025இல் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றத்தின் வாசலுக்கும் போயிற்று. உங்கள் வக்கீல் இன்றைய நிலையைப் பார்த்துத்தான் பதில் தயாரிக்க வேண்டும்.

எனவே பதில் நோட்டீஸில் கேட்க வேண்டியது தெளிவு. நீங்கள் பதிவு பெற்ற சங்கமா? எந்தெந்தப் பாடல், அதில் எந்த உரிமை உங்களுடையது? உரிமை எழுதி வாங்கிய ஆவணம் எங்கே? வாய்ப்பேச்சில் பதிப்புரிமை கைமாறாது. 19ஆவது பிரிவு எழுத்தும் கையெழுத்தும் கேட்கிறது. எந்தக் கட்டண அட்டவணைப்படி இந்தத் தொகை? அடிப்படையே இல்லாத மிரட்டல் என்று தெரிந்தால், 60ஆவது பிரிவின் கீழ் நீங்களே வழக்குப் போடவும் வழி உண்டு. ஆனால் ஊராருக்குப் பாஸ் கொடுத்த உங்கள் நிலையில் அந்தப் பிரிவைக் காட்டி மீசை முறுக்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். போனில் பேசும் ஆள் அனுப்பும் கியூஆர் கோடுக்குப் பணம் போட வேண்டாம். போனில் எதையும் ஒப்புக்கொள்ளவும் வேண்டாம்.

தமிழாசிரியரின் புது வரிகளைப் பற்றிச் சுருக்கமாக: அடுத்தவர் மெட்டில் வேறு வரிகள் போடுவது அந்த இசைப் படைப்பை மாற்றிப் பயன்படுத்துவதாகக் கொள்ளப்படலாம். இசையமைப்பாளருக்கு 57ஆவது பிரிவில் தனி உரிமையும் உண்டு. நோட்டீஸில் இது இல்லையென்றால் பதிலில் நீங்களாக இழுத்து விடாதீர்கள்.

இப்போது காகிதங்கள். அழைப்பிதழ், நிகழ்ச்சி நிரல், பாஸின் அடிக்கட்டை, மண்டப ரசீது, வீடியோக்காரரின் பில், கட்டட நிதிக் கணக்கு, ஆடியோக்காரர் ஓட்டிய பென் டிரைவின் பட்டியல், நோட்டீஸ், அது வந்த தபால் உறை. இவற்றில் பாதி உங்களிடம் இருக்காது என்று எனக்குத் தெரியும். நோட்டீஸின் உறையைத் தூக்கிப் போட்டுவிட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உறையில் இருக்கும் தபால் முத்திரைதான் கெடு எந்தத் தேதியிலிருந்து ஓடியது என்று சொல்லும். இனி எந்த வக்கீல் நோட்டீஸ் வந்தாலும் உறையைக் கிழிக்காமல் கத்திரியால் வெட்டி, கடிதத்தோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள். பாஸ் அடிக்கட்டை மிக முக்கியம். விற்றது முப்பது பாஸ், அதில் இருபத்தெட்டு பெற்றோரே வாங்கியது என்று காட்ட முடிந்தால் உங்கள் வழக்கின் முகமே மாறும். நிகழ்ச்சி நிரலில் எது நேரடிப் பாட்டு, எது ரெக்கார்டு என்று ஆசிரியர்களை உட்காரவைத்து இப்போதே குறித்து வாங்குங்கள். அடுத்த மாதம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

வீடியோவை இன்றே பொதுப் பார்வையிலிருந்து எடுங்கள். அழிக்க வேண்டாம், பிரைவேட் ஆக்கி, ஒரு நகலை ஹார்டு டிஸ்கில் வையுங்கள். அழித்தால் ஆதாரத்தை மறைத்ததாக இன்னொரு குற்றச்சாட்டு வரும். மண்டப உரிமையாளரிடமும் தகவல் சொல்லுங்கள். லாபத்துக்காக இடத்தை வாடகைக்கு விட்டவரையும் 51ஆவது பிரிவு சேர்த்துக்கொள்ளும்; அவருக்கும் நோட்டீஸ் வந்திருக்கலாம். அவர் ஒன்று சொல்லி நீங்கள் ஒன்று சொன்னால் இருவருக்கும் கேடு.

அடுத்த ஆண்டுக்கு என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பெற்றோருக்கு மட்டும் அழைப்பு, ஊராருக்குப் பாஸ் இல்லை, யூடியூப் இல்லை என்றால் 52(1)(ஜே) உங்களைக் காக்கும். ஊரைக் கூப்பிட ஆசை என்றால் உரிமம் வாங்கிச் செய்யுங்கள், அல்லது காலம் முடிந்த படைப்புகளை எடுங்கள். வரிகளுக்கும் மெட்டுக்கும் ஆயுள், படைத்தவர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு. ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டு. பாரதியார் 1921இல் மறைந்தார். வரிகள் தாராளமாக எடுக்கலாம். ஆனால் பாரதி பாட்டு என்றதும் நம் பள்ளிகள் சினிமா மெட்டைத்தான் பிடிக்கின்றன. 2000ஆம் ஆண்டு வந்த 'பாரதி' படத்தின் மெட்டுகள் இளையராஜாவுடையவை. வரி இலவசம், மெட்டு இலவசம் இல்லை. 1961இல் வந்த 'கப்பலோட்டிய தமிழன்' பாடல்களின் நிலை வேறு, இசையமைத்த ஜி. ராமநாதன் 1963இல் காலமானார், மெட்டின் காலமும் ஒலிப்பதிவின் காலமும் இரண்டுமே கடந்துவிட்டன. பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தார். கர்நாடக சங்கீதம்தானே என்று நினைக்காதீர்கள், அவர் பாடல்களுக்கு 2033 முடியும்வரை காலம் இருக்கிறது. உங்கள் பாட்டு டீச்சரே ஒரு பாரதி பாட்டுக்குப் புது மெட்டுப் போட்டால் யாரும் கேட்க முடியாது. நோட்டீஸ் இல்லாமல் கிடைக்கும் ஆண்டு விழா அது.

கடைசியாக ஒன்று. இதைப் படித்துவிட்டு நீங்களே பதில் நோட்டீஸ் எழுத உட்கார வேண்டாம். எந்தப் பாட்டு நேரடி, எந்தப் பாட்டு ரெக்கார்டு, யார் யார் பாஸ் வாங்கினார்கள் என்று தெரியாமல் எழுதும் ஒரு வரி உங்களுக்கே எதிராக முடியும். மேலே சொன்ன காகிதங்களோடு, பதிப்புரிமை வழக்கு நடத்திப் பழகிய வழக்கறிஞர் ஒருவரை இந்த வாரமே நேரில் பாருங்கள். நோட்டீஸின் மூலத்தை எடுத்துப் போங்கள், நகல் போதாது.