பேட்டரிக்குப் பகை பனியா, வெயிலா?

கேள்வி: மாடியில் சோலார் போட்டு லித்தியம் பேட்டரி வைத்திருக்கிறோம். மார்கழிக் குளிரில் சார்ஜ் ஏறாது, சூடாக்கும் பட்டை ஒட்ட வேண்டும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், பாஞ்சாலங்குறிச்சி

பதில்: உங்கள் ஊருக்கு அந்தச் செலவு வேண்டவே வேண்டாம். லித்தியம் பேட்டரியை 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் செய்தால், லித்தியம் எதிர்மின்முனையில் உள்ள கிராஃபைட்டுக்குள் புகாமல் அதன் மேலேயே உலோகமாகப் படியும். கொள்ளளவு குறையும், உள்ளே ஷார்ட் ஆகும் அபாயமும் உண்டு. அதனால்தான் நல்ல பேட்டரிகளில் உள்ள பி.எம்.எஸ். என்ற பேட்டரி மேலாண்மை அமைப்பு, உறைநிலை நெருங்கியதும் சார்ஜை நிறுத்திவிடுகிறது. லடாக்கில் இது பெரிய பிரச்சினை. நம் மாநிலத்தில் உறைபனி விழும் ஊட்டி, தலைக்குந்தா பக்கம் யோசிக்கலாம். அங்கும் பேட்டரியை வீட்டுக்குள் வைத்தாலே பெரும்பாலும் போதும்.

உங்கள் தூத்துக்குடிப் பக்கம் மார்கழி விடியற்காலையிலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். உங்கள் பேட்டரியின் ஆயுளைத் தின்பது சித்திரை வெயில். தகரக் கொட்டகையில் வைத்திருந்தால் முதலில் அதைக் கீழே இறக்குங்கள். வெயில் படாத, காற்றோட்டமான அறையில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். உப்புக்காற்றில் டெர்மினலில் பச்சை பூக்கும். எலெக்ட்ரீஷியனை அழைத்து, இணைப்பைத் துண்டித்துத் துடைத்து, திரும்ப இறுக்கியபின் மேலே வாசலின் தடவச் சொல்லுங்கள்.