வெளியே நிற்கும் காருக்கு

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் காரை வெளியே நிறுத்துகிறவர்கள், காய்ந்த துணியால் தூசி தட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். களிமண்ணோடு கலந்து பறக்கும் குவார்ட்ஸ் துகள் இரும்பையே கீறும், பெயிண்ட் எம்மாத்திரம்? முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்குங்கள். பிறகு கார் ஷாம்பூ, மைக்ரோஃபைபர் துணி. பாத்திரம் துலக்கும் சோப்பு மட்டும் வேண்டாம், வாக்ஸ் பூச்சை எடுத்துவிடும்.

கவர் போடுவதென்றால் கழுவி, ஈரம் உலர்ந்த பிறகுதான். தூசி மேல் போட்ட கவர், காற்றடித்தால் உப்புத்தாள்!

பறவை எச்சத்தைச் சுரண்டக் கூடாது. ஈரத்துணியைச் சில நிமிடம் போட்டு, ஊறியதும் ஒற்றி எடுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் தள்ளிப்போட்டால் தடம் விழுந்துவிடும்.

கோடையில் மரநிழல் சரி. ஐப்பசி முதல் மார்கழி வரை வேண்டாம்; 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தில் மரங்களைச் சாய்த்த விதம் இங்கே யாருக்கும் மறந்திருக்காது.