சரியான ஸ்க்ரூ டிரைவர்: வீட்டிலேயே கணினி பழுது பார்ப்போர் கவனத்திற்கு

 

2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் மூலமே முதன்முதலாகக் கணினியைக் கண்ட வீடுகள் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பகுதிகளில் பல உண்டு. அக்கா படித்த லேப்டாப்பில் தம்பி படிப்பதும் நம் வீடுகளில் வழக்கம்தான். அது மெதுவாகிவிட்டால் ரேம் மாற்றுவதும், பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுவதும் பெரும்பாலான மாடல்களில் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. ஆனால் பலர் முதல் ஸ்க்ரூவிலேயே தோற்றுவிடுகிறார்கள்.

எங்களுக்கும் அது நேர்ந்தது. ஒரு மாணவியின் லேப்டாப்பைக் கையில் கிடைத்த ஸ்க்ரூ டிரைவரால் திறக்கப் பார்த்தோம். ஸ்க்ரூவின் தலை தேய்ந்து மொழுக்கென்று ஆகிவிட்டது. அதைக் கழற்றி முடிக்கும் வரை அந்தப் பிள்ளை லேப்டாப் இல்லாமல் சிரமப்பட்டாள். பிறர் பொருள் நம் கையில் அமானிதம் அல்லவா? அன்று கற்ற பாடத்தை இங்கே தருகிறோம்.

1. தலையைப் பாருங்கள். கூட்டல் குறி போல இருந்தால் அது பிலிப்ஸ். இதன் அளவுகள் 000, 00, 0, 1, 2 என வளரும். மேசைக் கணினியின் பெட்டிக்கு 2-ஆம் எண். லேப்டாப்பின் அடிமூடிக்குப் பெரும்பாலும் 0 அல்லது 1. உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு ஸ்க்ரூக்களுக்கு 00. ஆறு முனை நட்சத்திரமாக இருந்தால் அது டார்க்ஸ். டி5, டி8 என எண் வரும். ஆப்பிள் லேப்டாப்களின் அடிமூடியில் ஐந்து இதழ் பூப்போன்ற பென்டலோப் இருக்கும்.

2. கடையில் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். நம் ஊர்க் கடைகளில் 'ஸ்டார்' என்று கேட்டால் கூட்டல் குறி உள்ளதையே எடுத்துத் தருவார்கள். ஸ்க்ரூவைப் போனில் படம் எடுத்துச் சென்றால் குழப்பம் இல்லை.

3. திருகும் முன் பொருத்திப் பாருங்கள். முனை அடிவரை இறங்க வேண்டும், ஆடக்கூடாது. சிறிய முனை ஆடி ஆடி ஓரத்தைத் தின்றுவிடும். பெரியது உள்ளே இறங்காது.

4. நேராக நிறுத்தி, நன்றாக அழுத்திக்கொண்டு இடப்பக்கம் திருப்புங்கள். பிலிப்ஸ் முனை அழுத்தம் குறைந்தால் மேலேறி வழுக்கும். ஒருமுறை வழுக்கினாலே நிறுத்திவிட்டு வேறு முனை போட்டுப் பாருங்கள். தலை சற்றே தேய்ந்திருந்தால், அகலமான ரப்பர் பேண்டை நடுவில் வைத்து அழுத்தித் திருப்பினால் சில நேரம் பிடிமானம் கிடைக்கும்.

5. ஸ்க்ரூக்களை ஒரே கிண்ணத்தில் கொட்டாதீர்கள். ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பாகத்தை வரைந்து, எந்த இடத்து ஸ்க்ரூவோ அந்த இடத்தில் டேப்பால் ஒட்டி வையுங்கள். குட்டை ஸ்க்ரூ இருந்த துளையில் நீளமானதைத் திருகினால் உள்ளே போர்டு பழுதாகலாம். எல்லாம் கழற்றியும் மூடி வரவில்லையா? நெம்ப வேண்டாம். ரப்பர் காலுக்கு அடியில் இன்னொன்று ஒளிந்திருக்கலாம்.

வேலை தொடங்கும் முன் கணினியை முழுவதும் அணைத்து, சார்ஜரை எடுத்துவிடுங்கள். மூடி திறந்ததும் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் நீங்கள் தொடவே வேண்டாம், கடைக்காரரிடம் கொடுங்கள். மேசைக் கணினியின் பவர் சப்ளை பெட்டியையும் திறக்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கும். வாரண்டி இருந்தால் முதலில் நிறுவனத்திடம் கேளுங்கள்.

பல முனைகள் கொண்ட ஒரு செட்டை நம் அலுவலகத்தில் வாங்கி வைத்திருக்கிறோம். தேவைப்படுவோர் அஸருக்குப் பின் வந்து எடுத்துச் செல்லலாம். முனைகளை எண்ணித் திருப்பித் தந்தால், இன்ஷா அல்லாஹ், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் அது உதவும்.