வாடகை வீட்டிலும் இயற்கை வாழ்வு



வேலை நிமித்தமாகச் சித்தூருக்கும் திருப்பதிக்கும் வந்து குடியேறிய நம்மில் பலர் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். தண்ணீர்ச் சிக்கனம், குப்பை, சுற்றுப்புறம் என்று பேச்சு எழுந்தால், "சொந்த வீடாக இருந்தால் மழைநீர்த் தொட்டி கட்டலாம், தோட்டம் போடலாம். இது அடுத்தவர் வீடு. நாளைக்கே மாற்றல் வந்தால் மூட்டை கட்டிவிடுவோம்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். வீட்டுக்காரர் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்காமல் செய்யக்கூடியவை நிறைய உண்டு. அவற்றில் சிலவற்றைக் கணக்கோடு சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். வீடு மாறினாலும் பழக்கம் நம்மோடு வரும் அல்லவா?

1. இந்தத் தண்ணீர் யாருடையது?

சித்தூர் வழியே ஓடும் நீவா நதி, தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டியதும் பொன்னை ஆறு என்று பெயர் பெற்றுப் பாலாற்றில் கலக்கிறது. சித்தூரில் நாம் சாக்கடையில் தள்ளும் பிளாஸ்டிக் பை, மழைக்காலத்தில் வேலூர், இராணிப்பேட்டைப் பக்கம் உள்ள நம் உறவினரின் வயலோரம் போய் ஒதுங்கலாம். திருப்பதிக்குக் குடிநீர் தரும் தெலுங்கு கங்கைத் திட்டத்தின் நீர்தான் 1996 முதல் கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியே பூண்டிக்கும், அங்கிருந்து சென்னைக்கும் போகிறது. ஆகவே "இது நம் ஊர் அல்ல" என்ற பேச்சுக்குத் தண்ணீர் விஷயத்தில் இடமில்லை.

நம் பகுதியின் நிலத்தடி பெரும்பாலும் கருங்கல் பாறை. ஆற்று மணலைப் போல அது நீரைத் தேக்கி வைக்காது. பாறையின் வெடிப்புகளில் இறங்கி நிற்கும் நீர்தான் ஆழ்துளைக் கிணற்றில் வருகிறது. ஒரு வீட்டில் அதிகமாக இறைத்தால் பக்கத்து வீட்டுக் கிணறு வற்றுவதற்கு இதுவே காரணம். ஆந்திர அரசு 2002இல் நீர், நிலம், மரங்கள் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டமே கொண்டுவந்தது. திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து இரண்டாம் அதிகாரமாக வான்சிறப்பை வைத்ததன் பொருள், நீர்ப்பஞ்சம் உள்ள இந்த ஊரில் நன்றாகவே விளங்கும்.

2. நீர்க் கணக்கு

நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் நீர் வேண்டும் என்பது நம் நாட்டில் குடிநீர்த் திட்டங்கள் வகுக்கும்போது கொள்ளும் அளவு. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 540 லிட்டர் ஆகிறது. இதில் எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

சொட்டும் குழாய்: அதன் அடியில் 200 மில்லி தம்ளர் ஒன்றை வையுங்கள். ஒரு மணி நேரத்தில் நிறைந்தால், ஒரு நாளைக்கு 4.8 லிட்டர், ஒரு மாதத்துக்கு 144 லிட்டர். பெரும்பாலும் பழுதானது சிறு வாஷர் மட்டுமே. அதை மாற்ற வீட்டுக்காரருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

குளியல்: ஷவரில் நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர் வரை போகும். ஐந்து நிமிடத்தில் 40 லிட்டருக்கு மேல். ஒரு வாளியும் சொம்பும் வைத்துக்கொண்டால் 20 லிட்டரில் நிறைவாகக் குளிக்கலாம்.

குடிநீர் சுத்திகரிப்புக் கருவி: ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டர் குடிநீர் தருவதற்கு மூன்று லிட்டர் வரை வெளியே தள்ளுகிறது. அந்தக் குழாயைச் சாக்கடைக்கு விடாமல் ஒரு வாளியில் விடுங்கள். தரை துடைக்கவும், கழிப்பறைக்கும், பாத்திரத்தை முதல் முறை அலசவும் அது போதும். உப்பு மிகுந்த நீர் ஆதலால் செடிகளுக்குத் தினமும் ஊற்ற வேண்டாம்.

மழை: 500 சதுர அடி மொட்டை மாடி என்பது சுமார் 46 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். ஆகவே 10 மில்லிமீட்டர் மழைக்கு 460 லிட்டர் நீர் மாடியில் விழுகிறது. தென்மேற்கு, வடகிழக்கு இரு பருவங்களிலும் நமக்கு மழை உண்டு. மாடியிலிருந்து நீர் இறங்கும் குழாயின் கீழே ஒரு டிரம்மை வைத்து, வாயில் பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்துக் கட்டினால் போதும். முதல் பத்து நிமிட நீர் மாடித் தூசியோடு வரும். அதைப் போக விடுங்கள். டெங்கு கொசு ஒரு வாரம், பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாகிவிடும். ஆதலால் டிரம்மை எப்போதும் மூடி வைத்து, வாரம் ஒரு முறை காலி செய்து தேய்த்துக் கழுவ வேண்டும்.

3. சீயக்காயும் குங்குடு காயும்

ஆழ்துளைக் கிணற்று நீரில் சோப்பு நுரைப்பதில்லை என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வதுண்டு. அந்த நீரில் உள்ள சுண்ணாம்பு, மக்னீசிய உப்புகள் சோப்போடு சேர்ந்து வெள்ளைக் கசடாகிவிடுகின்றன. நீராவி எஞ்சின் காலத்தில் இதே உப்புகள்தாம் கொதிகலனுக்குள் ஓடாகப் படிந்து எங்களுக்குத் தலைவலி கொடுத்தன. நுரை வரவில்லை என்று மேலும் மேலும் சோப்புத்தூள் கொட்டினால், அத்தனையும் அலச இன்னும் இரண்டு வாளி நீர் செலவாகும்.

சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் உள்ள நுரைப்பொருள் சோப்பைப் போலக் கசடாவதில்லை. பூந்திக்கொட்டையைத்தான் இங்குள்ள தெலுங்கு மக்கள் குங்குடு காய் என்கிறார்கள். ஐந்தாறு காய்களை உடைத்து, விதையை நீக்கி, இரவு ஊறவைத்துக் காலையில் பிசைந்து வடிகட்டினால் தலைக்கும் ஆகும்; பட்டுப்புடவைக்கும் ஆகும். கண்ணில் பட்டால் எரியும், கவனம். மழைநீர் உப்பில்லாத மென்னீர் என்பதால் பிடித்து வைத்த நீரில் துவைத்தால் பாதி சோப்பே போதும். கெட்டிலில் படிந்த வெள்ளை ஓட்டுக்குப் புளித்தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவைத்தால் இளகிவிடும். புளியின் அமிலம் செய்யும் வேலை அது. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவதும் இதே தத்துவம்தான்.

4. குப்பையில் பாதி எரு

வீட்டுக் குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மத்திய அரசின் விதிகளே கூறின. ஈரக் குப்பை, உலர் குப்பை, ஊறு செய்யும் குப்பை என்று மூன்று. மூன்றாவதில் பழைய பல்பு, பாட்டரி, மருந்து போன்றவை அடங்கின.

ஈரக் குப்பையை வீட்டு வாசல் தாண்ட விடாமலே முடிக்கலாம். ஓட்டைகள் இட்ட மண்பானை ஒன்று போதும். அடியில் இரண்டு அங்குலம் தேங்காய் நார், மேலே காய்கறித் தோல், அதன்மேல் அதே அளவு காய்ந்த இலை என்று அடுக்குங்கள். கையளவு புளித்த மோரையோ பழைய எருவையோ தெளித்தால் வேலை விரைவாகத் தொடங்கும். வாரம் இரு முறை கிளறிவிடுங்கள். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று பொருள். காய்ந்த இலையைச் சேர்க்கவும். மீன், இறைச்சி, எண்ணெய்ப் பண்டம் வேண்டாம். இரண்டு மூன்று மாதத்தில் மண்வாசனையோடு கருப்பு எரு கிடைக்கும். துளசிக்கும், தொட்டியில் வைத்த கறிவேப்பிலைக்கும் அது போதும். வீடு மாறும்போது பானையும் தொட்டியும் கூடவே வரும்.

5. பையும் இலையும்

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கம் தொடங்கியது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழல் போன்றவற்றுக்குத் தடை வந்தது. திருமலையிலும் பிளாஸ்டிக் பைக்கும் குடிநீர்ப் புட்டிக்கும் இடமில்லை. மலைக்குப் போகும் நாளில் மட்டும் துணிப்பையைத் தேடாமல், செருப்பு மாட்டும் இடத்திலேயே இரண்டு பைகளைத் தொங்கவிட்டால் மறதிக்கு வழியில்லை.

வீட்டு விசேஷத்துக்கு வாழை இலை விலை அதிகமென்றால், இலைகளைத் தைத்துச் செய்யும் விஸ்தராக்கு இங்கே கிடைக்கிறது. நம் ஊர்த் தையல் இலையின் உடன்பிறப்புதான் அது. சாப்பிட்டு முடித்ததும் மாட்டுக்கோ எருக்குழிக்கோ போய்விடும்.

6. பிள்ளைகளுக்கு ஒரு வாரப் பயிற்சி

(அ) வீட்டில் எத்தனை குழாய் சொட்டுகிறது? தம்ளர் வைத்து அளந்து, மாதக் கணக்குப் போடுக.
(ஆ) ஏழு நாளும் வீட்டுக்குள் வந்த பிளாஸ்டிக் பைகளை எண்ணி எழுதுக. அவற்றில் எத்தனையைத் தவிர்த்திருக்கலாம்?
(இ) உங்கள் மாடியின் நீள அகலத்தை அளந்து, 10 மில்லிமீட்டர் மழைக்கு எத்தனை லிட்டர் என்று காண்க.
(ஈ) பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பாட்டியிடம் கேட்டு, அவர்கள் சோப்புக்குப் பதிலாகப் பயன்படுத்திய மூன்று பொருள்களின் பெயரை இரு மொழியிலும் எழுதுக.

இவற்றைப் பெண்கள் மட்டும் செய்ய வேண்டியவை என்று எண்ண வேண்டாம். வாஷர் மாற்றுவது, பானை கிளறுவது, டிரம் கழுவுவது எல்லாம் ஆண்களுக்கும் உரிய வேலையே. எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால் ஒரே வாரத்தில் நின்றுவிடும். இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் இன்னொன்று என்று சேருங்கள். பிள்ளைகள் எழுதிய கணக்கை அடுத்த சங்கக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், ஒப்பிட்டுப் பார்ப்போம். நமக்கு வேலையும் வாழ்வும் தந்த ஊருக்கு, அதன் தண்ணீரையும் மண்ணையும் கெடுக்காமல் இருப்பதே நாம் செலுத்தும் முதல் வாடகை.